மெஷின் ரெடி... பிளான் போட ஆள் ரெடியா? பிராக்கிதெரபி பயிற்சி ஏன் உயிர்ப் பிரச்னை?

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்குப் புதிய கதிர்வீச்சுக் கருவி வந்தால் அது செய்தி. ரிப்பன் வெட்டும் படம் வரும். கருவியின் விலை வரும். எந்த நாட்டிலிருந்து இறக்குமதி என்பதும் வரும். அந்தக் கருவிக்குப் பிளான் போடுகிறவர் எத்தனை கேஸ் செய்து பழகியவர் என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் வராது.

அந்தக் கேள்வி உயிரைத் தொடுகிற சிகிச்சை ஒன்று உண்டு. அதன் பெயர் பிராக்கிதெரபி. நம்மூரில் ரேடியேஷனைப் பொதுவாக ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். வெளியிலிருந்து வைப்பது ஒரு வகை. கட்டிக்கு உள்ளேயோ, கட்டியை ஒட்டியோ கதிரியக்கப் பொருளைக் கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது இந்த இரண்டாவது வகை.

2022-ம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நோய் பரவத் தொடங்கிய பிறகு வருகிற பெண்களுக்கு நிலையான சிகிச்சை மூன்று பகுதிகள் கொண்டது: வெளிப்புறக் கதிர்வீச்சு, அதோடு கீமோ, கடைசியில் பிராக்கிதெரபி. மூன்றாவதை விட்டால் முதல் இரண்டின் பலன் பெருமளவு குறைந்துவிடும். அந்த மூன்றாவது பகுதியைத்தான் கற்றுக்கொள்வது கஷ்டம், கற்றுக்கொடுப்பது அதைவிடக் கஷ்டம்.

அப்படி என்ன செய்கிறார்கள்?

மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898-ல். சில ஆண்டுகளிலேயே பாரிஸில் தோல் நோய்களுக்கு அதை வைத்துச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அந்த வகையில் பிராக்கிதெரபிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ‘பிராக்கி’ என்றால் கிரேக்கத்தில் குறுகிய தூரம். இந்தச் சிகிச்சையின் மொத்த பலமும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

விளக்குப் பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் அதிகம், விலகினால் குறைவு. கதிர்வீச்சும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒரு பங்காகும். ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கட்டிக்குள் வைத்த மூலம் கட்டியை முழு வேகத்தில் தாக்கும். சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பெருமளவு தப்பிக்கும்.

இன்று பெரும்பாலான மையங்களில் இருப்பது ‘ஆஃப்டர்லோடிங்’ முறை. அரிசி மணி போன்ற சிறிய இரிடியம்-192 துண்டு ஒன்று மெல்லிய கம்பியின் முனையில் ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் உடலில் முதலில் வெறும் குழாய்களையும் ஊசிகளையும் மட்டும் பொருத்துவார்கள். பிளான் தயாரான பிறகு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். கம்பி தானாக உள்ளே போய், குழாய்க்குள் குறித்த ஒவ்வொரு இடத்திலும் குறித்த சில விநாடிகள் நின்று, அடுத்த இடத்துக்கு நகர்ந்து, கடைசியில் பெட்டிக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு நோயாளியின் உடலில் கதிரியக்கம் எதுவும் இருக்காது. வீட்டில் குழந்தையைத் தூக்கலாமா என்று பயப்பட வேண்டாம்.

எந்த இடத்தில் நிற்க வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும்? இதை முடிவு செய்வதுதான் பிளானிங்.

பிளான் போடுறதுன்னா கம்ப்யூட்டரில் பட்டன் அமுக்குறதா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையில் பிளான் ஆபரேஷன் தியேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுத்து, ‘டேண்டம்’ என்ற வளைந்த மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவார்கள். அதன் இரு பக்கமும் ‘ஓவாய்டு’ அல்லது வளையம் போன்ற ‘ரிங்’ வைக்கப்படும். பிறகு காஸ் துணியை அடைத்துச் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளி நிறுத்துவார்கள். இந்தப் பேக்கிங் தளர்வாக இருந்தால் மலக்குடல் மூலத்துக்கு நெருங்கிவிடும். அதன் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்து சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஸ்கேனின் ஒவ்வொரு அடுக்கிலும் மருத்துவர் கட்டியை வரைய வேண்டும், சிறுநீர்ப்பை, மலக்குடல், பெருங்குடலின் கடைசி வளைவு எல்லாவற்றையும் தனித்தனியாக வரைய வேண்டும். இதற்கு ‘காண்டூரிங்’ என்று பெயர். கோடு எங்கே போகிறதோ அங்கேதான் டோஸ் போகும். கட்டியின் ஓரத்தை வெளியே விட்டு வரைந்தால் நோய் அங்கேயே மிச்சமிருக்கும்.

மூன்றாவது படி மருத்துவ இயற்பியலாளருடையது. ஸ்கேனில் தெரியும் குழாய்களைக் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் மறுபடி கட்டமைக்க வேண்டும். குழாயின் நுனிக்கும், மூலம் நிற்கக்கூடிய முதல் புள்ளிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அப்ளிகேட்டருக்கு அப்ளிகேட்டர் இது மாறும். இங்கே 3 மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும்? 1 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டிய புள்ளி 1.3 செ.மீ. தூரத்துக்குப் போனால், அங்கே கிடைக்கும் டோஸ் ஏறத்தாழ 59 சதவிகிதமாகச் சுருங்கிவிடும். ஸ்கேலில் மூன்று சின்னக் கோடு. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நேரங்களை ஒதுக்குவது, ஏற்றிக் குறைப்பது, வரைபடத்தைப் படிப்பது, இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பது எல்லாம். இதெல்லாம் நடக்கும்போது அந்தப் பெண் குழாய்களோடு அசையாமல் படுத்திருக்கிறார். நேரம் ஆக ஆகச் சிறுநீர்ப்பை நிரம்பும், மலக்குடலில் காற்று சேரும், குழாய் நகரலாம். வெளிப்புறக் கதிர்வீச்சில் பிளான் போட நாள் கணக்கில் நேரம் உண்டு. இங்கே மணிக்கணக்கு மட்டும்தான். கற்றுக்கொள்கிறவருக்கு இது ரொம்பப் பெரிய அழுத்தம்.

28-ம் 45-ம் கூட்டினால் 84!

பிராக்கிதெரபி கற்றுக்கொள்பவரை முதலில் குழப்புவது கணக்கு. ஒரு வழக்கமான கணக்கைப் பார்க்கலாம்.

வெளிப்புறக் கதிர்வீச்சு 25 தவணைகளில் 45 கிரே. பிராக்கிதெரபி 4 தவணைகள், தலா 7 கிரே. ஆக 28 கிரே. சாதாரணமாகக் கூட்டினால் 73. ஆனால், ஒரே தவணையில் கொடுக்கும் 7 கிரே, தினம் 2 கிரே வீதம் கொடுக்கும் 7 கிரேவை விட அதிகம் பாதிக்கும். எல்லாவற்றையும் ‘2 கிரே தவணைக்குச் சமமான அளவு’க்கு மாற்றிக் கூட்டினால், கட்டிக்குக் கிடைப்பது சுமார் 84 கிரே. 85 கிரேவை ஒட்டியோ அதைத் தாண்டியோ போக வேண்டும் என்பதுதான் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு.

மலக்குடலுக்கு வேறு கணக்கு. அதன் திசுக்கள் பெரிய தவணைகளைக் கட்டியைவிட மோசமாகத் தாங்கும். மலக்குடலில் அதிகம் பாதிக்கப்படும் 2 கன செ.மீ. பகுதிக்கு ஒவ்வொரு முறையும் 4.5 கிரே போனால், மொத்தச் சமமான அளவு சுமார் 70 கிரே. பொதுவாக வைக்கப்படும் 75 கிரே எல்லைக்குள் இருக்கிறது, பரவாயில்லை. அதே இடத்துக்கு 5.5 கிரே போனால்? மொத்தம் சுமார் 81. எல்லை தாண்டியாச்சு. ஒரு தவணைக்கு வெறும் 1 கிரே வித்தியாசம், நான்கு முறைக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் ரத்தப்போக்காக மாறலாம்.

இந்தக் கணக்கை எக்செல் ஷீட் போட்டுவிடும். 81 வந்தால் என்ன செய்வது என்பதை எக்செல் சொல்லாது. கட்டிக்குப் போகும் டோஸைக் கொஞ்சம் குறைப்பதா? அடுத்த தவணையில் கூடுதல் ஊசி போடுவதா? பேக்கிங்கை மாற்றுவதா? அந்த முடிவை எடுக்கும் பக்குவம், அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பல கேஸ் பார்த்தால்தான் வரும்.

புள்ளியிலிருந்து படத்துக்கு

1938-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு எளிய வழி வந்தது. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கர்ப்பப்பைக் கால்வாயிலிருந்து பக்கவாட்டில் 2 செ.மீ., யோனியின் மேல் மடிப்பிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு புள்ளி. அதற்குப் ‘பாயின்ட் ஏ’ என்று பெயர். அந்தப் புள்ளிக்கு இவ்வளவு டோஸ் என்று கணக்கிட்டால் போதும். எக்ஸ்ரே மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய வரம். பல தலைமுறை மருத்துவர்கள் இதை வைத்துத்தான் கற்றார்கள்.

சிக்கல் என்னவென்றால், நோயாளிகளின் கட்டி அந்தப் புள்ளியைப் பார்த்து வளர்வதில்லை. ஒருவருக்குச் சின்னதாக இருக்கும், அவருக்குத் தேவைக்கு மேல் டோஸ் போகும். இன்னொருவருக்கு ஒரு பக்கமாகப் பரவியிருக்கும், அந்தப் பக்கம் டோஸ் போதாது. 2005, 2006 ஆண்டுகளில் ஐரோப்பிய நிபுணர் குழு எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியை வரைந்து, அதன் வடிவத்துக்கு ஏற்பப் பிளான் போடும் வழிகாட்டுதலை வெளியிட்டது. அந்த முறையில் சிகிச்சை பெற்ற 1,300-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த எம்பிரேஸ் ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 92 சதவிகிதம் பேருக்கு இடுப்புக்குள் அதே இடத்தில் நோய் திரும்பவில்லை.

அதன் அடுத்த கட்டமான எம்பிரேஸ்-2 ஆய்வில் சேர விரும்பிய மருத்துவமனைகள், முதலில் மாதிரி கேஸில் வரைந்து, பிளான் போட்டுக் காட்டித் தேற வேண்டியிருந்தது. வேலை தெரிந்த மருத்துவமனைகளுக்கே பரீட்சை!

ஒவ்வொரு தவணைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க இந்தியாவில் எல்லா இடங்களிலும் முடியாது. அதனால் சி.டி.யிலேயே எப்படி வரைவது என்பதற்கு இந்திய பிராக்கிதெரபி சங்கம், ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகளோடு சேர்ந்து 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் கையில் இருக்கிறது. அதை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் பிளானிங் அறைக்கும் கொண்டுபோவதுதான் பாக்கி.

ஓர் உறுப்பு தெரிந்தால் எல்லாம் தெரியுமா?

தெரியாது. இதுதான் பிராக்கிதெரபி படிப்பின் இன்னொரு சவால்.

கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, யோனியின் மேல்பகுதிக்கு மட்டும் கொடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஒரே உருளை, பெரும்பாலும் ஒரே குழாய். அதன் பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கணக்கிடுவார்கள். 2010-ல் வெளியான போர்டெக்-2 ஆய்வு, நடுத்தர அபாயத்தில் இருந்த நோயாளிகளுக்கு இது இடுப்பு முழுக்க வெளிக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு இணையாக யோனியில் நோயைத் தடுக்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைவு என்று காட்டியது. புதிதாகக் கற்பவர் தொடங்க ஏற்ற இடம். ஆனால் இதை மட்டும் நிறையச் செய்துவிட்டு ‘பிராக்கிதெரபி தெரியும்’ என்றால், சைக்கிள் ஓட்டிவிட்டு லாரி லைசென்ஸ் கேட்பது மாதிரி.

புராஸ்டேட்டில் உலகமே வேறு. ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசி போட வேண்டும். நிரந்தரமாக உள்ளே விடப்படும் அயோடின்-125 விதைகள் ஒரு முறை, தற்காலிக இரிடியம் இன்னொரு முறை. சிறுநீர்க் குழாய் உறுப்பின் நடுவிலேயே ஓடுகிறது. அதைச் சுற்றி டோஸைக் குறைத்து, ஓரங்களில் நிறைக்க வேண்டும். விதை வைத்த பிறகு புராஸ்டேட் வீங்கும், விதைகள் இடம் மாறும். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து உண்மையில் எவ்வளவு டோஸ் போனது என்று கணக்கிடுவதும் பிளானிங்கின் பகுதிதான்.

நாக்கு, உதடு, கன்னத்தின் உள்பகுதி போன்ற இடங்களில் பிளாஸ்டிக் குழாய்களைத் திசுவுக்குள்ளேயே இணையாகக் கோக்க வேண்டும். குழாய்களுக்கு இடையே இடைவெளி சீராக இல்லாவிட்டால் ஓரிடத்தில் டோஸ் குவிந்து திசு அழுகலாம். தாடை எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பாதுகாக்க வேண்டும். மார்பகத்தில் கட்டியை அகற்றிய குழியைச் சுற்றி மட்டும் கொடுக்கும்போது தோலும் விலா எலும்பும் கணக்கில் வரும். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நோக்கமே வேறு: சாப்பாடு இறங்க வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஒரே தவணை 12 கிரே பிராக்கிதெரபி, உலோக ஸ்டென்ட்டைவிட நீண்ட நாளைக்கு விழுங்கும் கஷ்டத்தைக் குறைத்தது.

கண்ணில் பொட்டு அளவில் ஒரு தகடு. கண் கோளத்தின் வெளிச்சுவரில் தைத்துச் சில நாட்கள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். நடுத்தர அளவுள்ள கண் மெலனோமாவுக்குக் கண்ணையே எடுத்துவிடுவதையும் இந்தத் தகட்டையும் ஒப்பிட்டு 1,300-க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு, உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. அதாவது, சரியாகப் பிளான் போடத் தெரிந்தவர் இருந்தால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரித்த அயோடின்-125 விதைகளைக் கொண்டு சென்னை சங்கர நேத்ராலயாவில் இந்தச் சிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது.

தப்பு நடந்தால்?

1992-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மையத்தில், சிகிச்சைக்கு நடுவே இரிடியம் மூலம் கம்பியிலிருந்து உடைந்து நோயாளியின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அறையில் இருந்த கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவி எரிந்தது. கன்ட்ரோல் பேனல் ‘எல்லாம் சரி’ என்றது. ஊழியர்கள் பேனலை நம்பினார்கள், எச்சரிக்கைக் கருவி பழுது என்று நினைத்தார்கள். கையடக்க மீட்டரை எடுத்து ஒருமுறை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நோயாளி சில நாட்களில் இறந்தார்.

பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2002 முதல் 2008 வரை அங்கே புராஸ்டேட்டில் விதை வைக்கப்பட்ட 116 பேரில், 90-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தவறான டோஸ் போயிருந்தது விசாரணையில் தெரியவந்தது. சிகிச்சைக்குப் பின் டோஸைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் ஒரு வருடத்துக்கு மேல் நெட்வொர்க்கில் இணைக்கப்படாமல் கிடந்தது. ஆனாலும் விதை வைப்பது நிற்கவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2010-ல் 2,27,500 டாலர் அபராதம் விதித்தது.

இரண்டு சம்பவங்களிலும் கருவிகள் நவீனமானவை. பழுதானது பழக்கம். சந்தேகம் வந்தால் அளந்து பார், முடித்ததைத் திரும்பச் சரிபார் என்கிற பழக்கம் பயிற்சியில்தான் ஊறும். சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையால் ஊறாது.

கற்பவர்கள் ஏன் குறைகிறார்கள்?

அமெரிக்காவின் தரவு ஒன்று பயமுறுத்துகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாளிகளில் பிராக்கிதெரபி பெற்றவர்களின் பங்கு 1988-ல் 83 சதவிகிதமாக இருந்து, 2009-ல் 58 சதவிகிதமாகக் குறைந்தது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், பிராக்கிதெரபி பெற்றவர்களில் சுமார் 58 சதவிகிதம், பெறாதவர்களில் சுமார் 46 சதவிகிதம். நூறு பேருக்குப் பன்னிரண்டு பேர் வித்தியாசம்.

வசதியான நாட்டில் ஏன் இப்படி? வெளியிலிருந்தே துல்லியமாகக் குறிவைக்கும் புதிய தொழில்நுட்பங்கள் வந்தன. அவற்றுக்குத் தியேட்டர் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பிளானை அடுத்த வாரம்கூடப் போடலாம். பிராக்கிதெரபிக்கோ மருத்துவர், இயற்பியலாளர், மயக்கவியல் நிபுணர், செவிலியர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேண்டும். செலவாகும் நேரத்துக்கு ஏற்ற வருமானமும் மருத்துவமனைக்கு இல்லை. கேஸ் குறைந்தால் கற்றுக்கொடுப்பது குறையும். கற்றவர் குறைந்தால் கேஸ் இன்னும் குறையும். இதை உணர்ந்து, பத்து ஆண்டுகளில் 300 திறமையான பிராக்கிதெரபி மருத்துவர்களை உருவாக்கும் ‘300 இன் 10’ என்ற திட்டத்தை அமெரிக்க பிராக்கிதெரபி சங்கம் தொடங்கியது.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே நோயாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அனுபவம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ இயற்பியல் முதுகலைப் படிப்பு உண்டு. படித்து முடித்தவர் மருத்துவமனையில் ஓராண்டு நேரடிப் பயிற்சி எடுத்தால்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அவரை மருத்துவ இயற்பியலாளராக ஏற்கும். ஆனால், அந்த ஓராண்டில் அவர் எத்தனை பிராக்கிதெரபி பிளானைத் தானே போட்டார், எந்தெந்த உறுப்புக்குப் போட்டார் என்பது அவர் போய்ச் சேரும் மருத்துவமனையைப் பொறுத்தது. ஊசி முறையே செய்யாத இடத்தில் பயிற்சி பெற்றவருக்கு, ஊசி முறை புத்தகத்தில் பார்த்த படம் மட்டும்தான்.

ஏஐ பார்த்துக்காதா?

ஓரளவு பார்த்துக்கொள்ளும். மூலம் நிற்கும் நேரங்களைக் கணக்கிடும் வேலையை சாஃப்ட்வேர் ஏற்கெனவே சில விநாடிகளில் செய்கிறது. உறுப்புகளைத் தானாக வரையும் கருவிகளும் வந்துகொண்டிருக்கின்றன. சலிப்பான வேலை குறைவது நல்லதுதான். ஆனால், தவறாக வைத்த ஊசியை சாஃப்ட்வேர் இடம் மாற்றி வைக்காது. கட்டியையும் வீக்கத்தையும் பிரித்து அறிய, தொடக்கத்தில் அந்தப் பெண்ணைக் கையால் பரிசோதித்த மருத்துவரின் குறிப்பு வேண்டும். கணினி தரும் அழகான பிளானில் ஒரே இடத்தில் விநாடிகள் குவிந்திருந்தால், ‘இது ஏன்?’ என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வி தோன்றுவதற்குக் கையால் பிளான் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், பயிற்சியை எண்ண வேண்டும். முதுநிலை மருத்துவ மாணவருக்கும் பயிற்சி இயற்பியலாளருக்கும் உறுப்பு வாரியாக லாக்புக் வேண்டும். ‘பார்த்தது’ ஒரு பத்தி, ‘உதவியது’ ஒரு பத்தி, ‘தானே செய்தது’ ஒரு பத்தி. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் பட்டம் மட்டும் போதாது.

இரண்டாவது, முதல் தவறுகள் நோயாளியின் உடலில் நடக்கக் கூடாது. மாதிரி உடல்களில் ஊசி போட்டுப் பழகுவதும், முடிந்துபோன கேஸ்களின் ஸ்கேனை எடுத்து, பெயரை நீக்கி, மறுபடி வரைந்து பிளான் போட்டு மூத்தவரின் பிளானோடு ஒப்பிடுவதும் பெரிய செலவில்லாத வழிகள்.

மூன்றாவது, பெரிய மையங்களைச் சிறிய மருத்துவக் கல்லூரிகளோடு கோக்க வேண்டும். வாரம் ஒருமுறை வீடியோ காலில் பிளான்களைத் திறந்துவைத்துப் பேசினால், மாவட்டத்தில் தனியாக வேலை பார்க்கும் இயற்பியலாளருக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்த மாதிரி. கற்றுக்கொடுக்கும் மூத்தவரின் நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் சேவை என்று விட்டால் நடக்காது.

நான்காவது, கருவி வாங்கும்போதே ஆளையும் மூலத்தையும் திட்டமிட வேண்டும். இரிடியம்-192-ன் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். அதனால் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மூலத்தை மாற்ற வேண்டும். மாற்றத் தாமதமானால் 8 நிமிட சிகிச்சை 16 நிமிடமாகும், பிறகு அதுவும் நீளும். கோபால்ட்-60 ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் பாதியாகும். தூரத்தில் இருக்கும் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தலாம்.

கடைசியாக, அரசு வெளியிட வேண்டிய எண் ஒன்று உண்டு. வெளிப்புறக் கதிர்வீச்சு தொடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாளிகளில் எத்தனை சதவிகிதம் பேர் 8 வாரத்துக்குள் பிராக்கிதெரபியையும் முடித்தார்கள்? சிகிச்சை அதற்கு மேல் இழுத்துக்கொண்டே போனால் கட்டி மறுபடி வலுவடையும் என்பது தெரிந்த விஷயம். மாவட்ட வாரியாக, மருத்துவமனை வாரியாக இந்த ஒரு எண் வெளியே வந்தால், எங்கே ஆள் இல்லை, எங்கே மூலம் இல்லை, எங்கே பயிற்சி இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால்?

நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இந்தச் சிகிச்சையில் பிராக்கிதெரபி உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை? அதை இங்கேயே செய்வீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா, அதற்கு இப்போதே தேதி வாங்கிவிடலாமா? பிளானுக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பீர்களா? பிளானை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்ப்பாரா?

இரண்டாவது கேள்வியை வெளிக் கதிர்வீச்சு தொடங்கும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. ஐந்து வாரம் முடிந்த பிறகு தேதிக்காக அலைவதில்தான் பல குடும்பங்களுக்கு நாட்கள் கரைகின்றன. ‘இங்கே இந்த வசதி இல்லை, இன்ன மருத்துவமனையில் இருக்கிறது, கடிதம் தருகிறோம்’ என்று முதல் நாளே சொல்லும் மருத்துவர் உங்களுக்கு நன்மைதான் செய்கிறார். அவரை நம்பி பஸ் ஏறலாம்.